முட்டை மெஷினுக்கு ஓய்வு வேண்டும்

ஜூன் 3, திங்கள்

காலையிலிருந்து சாயங்காலம் வரை என் கணினி ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. 'விசிவார்ஸால்' என்ற கோப்பைக் காணோமாம். நானும் நல்ல விதமாகக் கேட்டேன், அதட்டினேன், அணைத்துப் போட்டேன். காணோம் என்றால் காணோம்தான்.

விஷயம் இது. நாமக்கல்லில் முட்டை தரம் பிரிக்கும் மெஷின் செய்கிறது எங்கள் கம்பெனி. பெல்ட்டில் முட்டை வரும், மேலே இருந்து கேமரா படம் எடுக்கும், ஓட்டில் கீறல் இருந்தால் சிவப்பு விளக்கு எரியும். மெஷினின் மூளை பைத்தானில் எழுதியது. பைத்தான் எழுதுவதற்குச் சுகமான மொழி, ஓடுவதில் மந்தம். அதனால் கீறல் பார்க்கும் வேலையை மட்டும் சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதி, கம்பைலர் என்ற மென்பொருளால் எந்திர மொழிக்கு மாற்றி, ஒரு துண்டாகப் பைத்தானோடு ஒட்டியிருக்கிறோம். ஒட்டுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பைத்தானை எந்தக் கம்பைலர் கட்டியதோ, அதே கம்பைலரின் அதே பதிப்புதான் துண்டையும் கட்ட வேண்டும். எங்கள் பைத்தான் பழசு. அதைக் கட்டியது 2008 கம்பைலர். என்னிடம் இருப்பது 2015. காணோம் என்ற அந்தக் கோப்புதான் 2008-ஐக் கிளப்பும் சாவி. புதுப் பைத்தானுக்கு மாறிவிடலாமே என்றால், கேமராவோடு வந்த மென்பொருள் பழைய பைத்தானோடு மட்டும்தான் பேசும்.

2008 கம்பைலர் இருந்த ஒரே கணினி ஞானதுரையுடையது. அந்தத் துண்டை எழுதியவனும் அவன்தான். போன வருடம் வேலையை விட்டுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் நாகர்கோவிலுக்குப் போய்விட்டான். எனக்கு அதில் ஒன்றுமில்லை. அவன் கணினிக்கு முதலாளி செங்கோட்டுவேல் சார் ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். அந்த வாரமே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்.

அடுத்த திங்கள் அத்தப்பன் என்பவரின் கோழிப்பண்ணையில் மெஷின் ஓடியாக வேண்டும். அங்கே கேமரா வேறு என்பதால் துண்டில் நாலு வரி மாற்ற வேண்டும். மாற்றினால் திரும்பக் கட்ட வேண்டும். துண்டைத் திறந்தால் நடுவில் ஞானதுரை குறிப்பு எழுதி வைத்திருக்கிறான்: 'தில்லை, இதைத் தொடாதே.'

தில்லைநாயகி என்பது என் பெயர். ஆபீஸில் இத்தனை பேர் இருக்க, என்னை மட்டும் பேர் சொல்லி எழுதியிருக்கிறான்.

ஜூன் 4, செவ்வாய்

காணோம்.

ஜூன் 5, புதன்

கிடைத்துவிட்டது. கிடைத்தது என்றால், கிடைத்த மாதிரி.

கணினிக்குள் முகவரிப் பலகைகள் மாதிரி சில அமைப்புகள் உண்டு. '2008 கம்பைலர் குடியிருக்கும் இடம்' என்று ஒரு பலகை. பைத்தான் அதைப் படித்துவிட்டுத்தான் கம்பைலரைத் தேடிப் போகும். நான் அந்தப் பலகையில் 2015 கம்பைலரின் முகவரியை எழுதினேன். பைத்தான் போய்க் கதவைத் தட்டியது, 2015 வந்து திறந்தது, 'நீங்கள்தானே 2008' என்று ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மாப்பிள்ளை போட்டோவில் அண்ணனைக் காட்டிவிட்டு மேடையில் தம்பியை உட்கார வைத்த மாதிரி. துண்டு தயார்.

பொய்யை மனிதர்களிடம் சொல்வதைவிடக் கணினியிடம் சொல்வது சுலபம். முகத்தைப் பார்க்காது.

"முடிஞ்சுதுங்களா தில்லை?" என்றார் முதலாளி.

"முடிஞ்சுது சார்."

"அந்த ஞானதுரை இருந்திருந்தா ரெண்டு நாள்ல முடிச்சிருப்பான்னு நெனச்சேன். நீங்களும் முடிச்சுட்டீங்களே."

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். மோகனூர் ரோட்டுக் கடையில் முட்டை பரோட்டா, இரண்டு செட்.

ஜூன் 7, வெள்ளி

பழைய முட்டைப் படங்களைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். கீறலை எல்லாம் பிடிக்கிறது. நான் போட்ட கீறலைத் தவிர எல்லாக் கீறலையும்.

ஜூன் 10, திங்கள்

அத்தப்பன் பண்ணை புதன்சந்தை ஊரைத் தாண்டி உள்ளே இருக்கிறது. அத்தப்பன் மெஷினுக்கு மாலை போட்டு, லாரிக்கு வைப்பதுபோல் பெல்ட் உருளைக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் காத்திருந்தார். பெல்ட் அங்கே ஏற்கெனவே இருப்பதுதான். அதன் மேல் எங்கள் கேமராவை மாட்டி, பெல்ட்டின் சுவிட்சையும் எங்கள் கணினியோடு இணைத்திருக்கிறோம். பெல்ட்டின் இரண்டு பக்கமும் பெண்கள் நின்று, கீறல் முட்டையைத் தள்ளி, நல்லதை அட்டையில் அடுக்குகிறார்கள். அவர்களுக்குத் தலைமை பாவாயி என்ற ஐம்பது வயது அம்மாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, சாப்பிட்டுத்தான் வந்தியா?" என்றார். ஒல்லியாக இருப்பது ஒரு குற்றமா.

முதல் முட்டை போனது. இரண்டாவது போனது. மூன்றாவதில் திரை கறுத்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியதுதான் மிச்சம்.

மூலையில் உட்கார்ந்து யோசித்தேன், வியர்த்து ஊற்றியது. பிறகு புரிந்தது. ஒவ்வொரு கம்பைலரும் தனக்கென்று தனியாக ஒரு நினைவகக் கிடங்கு வைத்திருக்கிறது. படத்துக்கு வேண்டிய இடத்தைக் கேமரா 2008-இன் கிடங்கிலிருந்து வாங்குகிறது. வேலை முடிந்ததும் என் துண்டு அதை 2015-இன் கிடங்கில் கொண்டுபோய்க் கொடுக்கிறது. 'இது எங்க சாமானே இல்லையே' என்று கிடங்குக்காரர் மொத்தக் கடையையும் இழுத்து மூடிவிடுகிறார். ஆபீஸில் கேமரா இல்லாமல் ஓட்டியதால் இது தெரியவில்லை. ஞானதுரை தொடாதே என்று எழுதியிருந்தது சரியாக அந்தத் திருப்பிக் கொடுக்கும் வரிக்கு மேலேதான்.

தொட்டேன். அந்த வரியையே அழித்தேன். திருப்பிக் கொடுத்தால்தானே வம்பு.

மெஷின் ஓடியது. ஆனால் வாங்குகிறதைத் திருப்பிக் கொடுக்காமல் வாங்கிக்கொண்டே போனால், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் நினைவகம் முட்டி நின்றுவிடும். அதற்குள் நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டும். இதை அத்தப்பனிடம் எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தேன், வாய் தானாகச் சொன்னது.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ மெஷினுக்கு ஓய்வு குடுக்கணும் சார்."

அத்தப்பன் ஏன் என்று கேட்கவில்லை. "பின்ன? போர் மோட்டாருக்கே ரெஸ்ட் உடறமுங்க அம்மிணி. சூடேறுனா காயில் போயிருமல்லங்க. எத்தன நேரம் உடோணும்?"

மறுபடி கிளப்ப ஒரு நிமிடம் போதும். எனக்கு டீ குடிக்க வேண்டியிருந்தது.

"பதினஞ்சு நிமிஷம்."

பெல்ட் நின்றதும் அத்தனை பெண்களும் ஷெட்டின் பின்பக்கம் ஓடினார்கள். பாவாயி அக்கா அந்த வயதில் முதல் ஆளாக. என்ன பந்தயமோ என்று நினைத்துக்கொண்டு டீ குடித்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

மெஷின் பழகும் வரை தினமும் பண்ணைக்குப் போகச் சொல்லிவிட்டார் முதலாளி. போக இரண்டு பஸ். கோழிப்பண்ணை வாசனை துப்பட்டாவில் ஏறினால் இறங்காது.

ஜூன் 14, வெள்ளி

ஓய்வு நேரத்தில் பாவாயி அக்கா வேர்க்கடலை கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"ரெண்டு வருசமாச்சு கண்ணு இந்த பெல்ட்டு வந்து. முன்னெல்லாம் பல்பு வெளிச்சத்துல கையில வெச்சுத்தான் பாப்போம். வேணுங்கறப்ப எந்திரிச்சுப் போயிட்டு வருவோம். பெல்ட்டு வந்தப்பறம் அது உடறதில்ல. ஒருத்தி நவுந்தா முட்டை போய்க் கீழ உழுந்துரும். மொதலாளி அந்தக் கேமராவுல பாத்துட்டே இருப்பாரு." ஷெட் மூலையில் இருந்த கண்காணிப்புக் கேமராவைக் கண்ணாலேயே காட்டினார். "ஒண்ணுக்குப் போறதே மத்தியானச் சோத்துக்கப்பறந்தான்."

"அதுவரைக்கும்?"

"தண்ணி குடிக்காம இருந்துக்கறது."

பக்கத்தில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள், ஏதோ சாமர்த்தியமான தந்திரத்தைச் சொல்லிவிட்ட மாதிரி. அப்புறம் பாவாயி அக்கா ஒரு பச்சைத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் காட்டினார். மகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன பழைய பாட்டில், 'நிவேதா, 8-பி' என்று ஒட்டியிருக்கிறது. இந்த வாரத்திலிருந்துதான் வேலைக்குக் கொண்டு வருகிறாராம்.

"உன்ற மெஷினு நல்ல மெஷினு கண்ணு. களைச்சா களைச்சேன்னு சொல்லுது."

எனக்கென்ன வந்தது. நான் டீ குடிப்பதற்காகச் சொன்ன பதினைந்து நிமிடம் அது.

ஜூன் 18, செவ்வாய்

கேமராக் கம்பத்தில் யாரோ வேப்பிலை சொருகியிருக்கிறார்கள். ஓய்வு நேரத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'அம்மனுக்கு மயக்கம்'. பெல்ட் நிற்கிற நேரம் நெருங்கினால் ஒருத்தி, "மயக்கம் வந்துருச்சாடி?" என்பாள். இன்னொருத்தி திரையைப் பார்த்து, "கண்ணு சொருவுதுக்கா," என்பாள். இன்று எனக்கு முறுக்கு, ஒரு டப்பா தக்காளிச் சோறு, கனகாம்பரம். பூ வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கில்லை என்று சொல்லிப் பார்த்தேன். சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டார்கள்.

தினமும் போக வேண்டிய அவசியம் இப்போது இல்லை. ஆனாலும் மெஷினை நம்ப முடியாது.

ஜூன் 20, வியாழன்

முதலாளி இன்னும் மூன்று பண்ணைக்கு மெஷின் பேசி முடித்துவிட்டு வந்தார். முகத்தில் சந்தோஷம் பாதிதான் இருந்தது.

"ஏனுங்க தில்லை, நாம முன்ன போட்ட நாலு பண்ணையிலயும் மெஷின் நிக்காம ஓடுது. இது மட்டும் என்னங்க, மசக்கைக்காரியாட்டம் அப்பப்ப படுத்துக்குது?"

"தட்பவெப்பம் சார்."

"நாமக்கல்லுக்கெல்லாம் ஒரே வெப்பந்தானுங்க." மேஜை மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். "நிக்காம ஓடோணும். மாசக் கடைசிக்குள்ள பண்ணிக் குடுத்துருங்க. முடியலீன்னா சொல்லுங்க, ஞானதுரையக் கூப்பிட்டுக்கறேன். இடத்தயும் அவனுக்கே குடுத்தர்றேன்."

இடம் என்றால் என் இடம். ஞானதுரை வந்து துண்டைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அழித்த வரி, பொய்யான முகவரி, எல்லாம்.

ஜூன் 22, சனி

அவன் எண்ணை என் போனிலிருந்து எப்போதோ அழித்துவிட்டேன். விரல்களுக்கு மனப்பாடமாக இருந்தது விரல்களின் தப்பு.

"ஞானதுரை, நான் தில்லை."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ஒன் நம்பர நான் அழிக்கல."

நேராக விஷயத்துக்கு வந்தேன். முகவரிப் பலகையை மாற்றியதைச் சொன்னபோது அவன் சிரிக்க ஆரம்பித்தான். வரியை அழித்ததைச் சொன்னபோது சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

"ஏ தில்லை, தொடாதன்னு எழுதி வச்சிருந்தேன்லா?"

"எழுதினதாலதான் தொட்டேன்."

"அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். சவத்த விடு. 2008 எங்கிட்ட ஒரு பென் டிரைவ்ல கெடக்கு, அனுப்பி விடுதேன். வரியத் திருப்பிப் போடு, 2008-லயே கட்டு. வாங்குன எடத்துலயே திருப்பிக் குடுத்துரும், ஒரு பிரச்சினையும் வராது." இன்னொரு முறை இருமினான். "இடம் மாத்திக் குடுத்தா எல்லாருக்கும் சங்கடம்."

கம்பைலரைப் பற்றித்தான் சொன்னான் என்று நினைக்கிறேன்.

ஜூன் 23, ஞாயிறு

வந்தது. நேற்று இரவே மெயிலில் அனுப்பிவிட்டான். ஏற்றினேன். பலகையில் சரியான முகவரியை எழுதினேன், அழித்த வரியைத் திரும்பப் போட்டேன். 'விசிவார்ஸால்' இருந்த இடத்திலேயே சமர்த்தாக இருந்தது. துண்டு ஒரு முணுமுணுப்பில்லாமல் கட்டி முடிந்தது. ஆபீஸுக்குப் புதிதாக வந்த கேமராவை மாட்டி, ஒரே முட்டையைக் காலையிலிருந்து பொழுது சாயும்வரை காட்டிக்கொண்டே இருந்தேன். நினைவகம் இம்மியும் ஏறவில்லை.

பொய் இல்லாமல் ஒரு வேலை முடிந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. பரோட்டா மட்டும் இறங்கவில்லை, மாவு சரியில்லை.

ஜூன் 26, புதன்

பண்ணையில் புதுத் துண்டைப் போட்டேன். அத்தப்பன் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"இனி நிக்காதுங்களா?"

"நிக்காது சார்."

"குணமாயிருச்சு," என்று மெஷினைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு மணி நேரம் ஆனது. ஒருத்தி பழக்கத்தில் "மயக்கம் வந்துருச்சாடி?" என்று கேட்டாள். பெல்ட் போய்க்கொண்டே இருந்தது. முட்டைகளும் வந்துகொண்டே இருந்தன. இத்தனை முட்டை ஒரு நாளில் வருகிறது என்பதே எனக்கு இன்றுதான் உறைத்தது. மத்தியானம் வரை நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அவர்கள் நின்றிருந்தார்கள். டீ வந்தது. நான் குடித்தேன். மற்ற டம்ளர்கள் ஆறிப்போய் ஆடை கட்டின.

சாப்பாட்டு நேரத்தில் பாவாயி அக்கா, "மெஷினுக்கு சொகமாயிருச்சா கண்ணு? நல்லதாப் போச்சு. நீயும் எத்தன நாளைக்கு ரெண்டு பஸ்சு மாறி வருவ," என்றார். நிஜமாகவே எனக்காகச் சந்தோஷப்பட்டுத்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார், ஓடவில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக. திரும்பி வந்து, பிற்பகல் வேலைக்கு நிற்பதற்கு முன்னால், பச்சைப் பாட்டிலைத் திறந்து அதிலிருந்த தண்ணீரை முழுக்கச் சுவரோரம் நின்ற முருங்கைச் செடிக்கு ஊற்றினார். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. பாட்டிலைக் கவிழ்த்து ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தனை நாளாக அத்தனை பொய் சொன்னபோது வராத வெட்கம், சரியாக வேலை செய்த அன்றைக்கு வந்தது.

ஜூன் 27, வியாழன்

தலைவலி என்று லீவு. தலைவலி இல்லை.

ஜூன் 28, வெள்ளி

நேர்மையாக ஒரு முறை முயன்று பார்க்கலாம் என்று அத்தப்பன் வீட்டுக்கே போனேன். மோர் கொடுத்தார்.

"சார், அந்தப் பதினஞ்சு நிமிஷத்த அப்படியே வச்சிருங்களேன். வேல செய்யறவங்களுக்கு."

"எவங்களுக்குங்க?"

"பாவாயி அக்காவுக்கு. மத்தவங்களுக்கு."

அத்தப்பன் கெட்டவர் இல்லை. தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பவர், பாவாயி அக்கா மகள் படிப்புக்கு உதவியவர். யோசித்துத்தான் பேசினார்.

"அம்மிணி, மெஷினு கேட்டா குடுத்தாகோணும், இல்லீன்னா நின்னு போயிரும். ஆளுக அப்பிடியா? அவிய பாட்டுக்கு இருந்துக்குவாங்க. இன்னிக்கி நாமளாக் குடுத்தா நாளைக்கி இன்னொண்ணு கேப்பாங்க. அவிய யாராச்சும் எங்கிட்ட வந்து கேட்டாங்களா? இல்லியே."

பஸ்ஸில் திரும்பி வரும்போது வழி நெடுக இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மெஷின் கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்கிறார். சரி, மெஷினே கேட்கட்டும்.

ஜூலை 1, திங்கள்

சீக்கிரமே பண்ணைக்குப் போனேன். புதுத் துண்டைத் தொடவில்லை, அது பத்தரை மாற்றுத் தங்கம். பைத்தான் பக்கம்தான் சில வரிகள் சேர்த்திருந்தேன். இரண்டு மணி நேரம் ஓடியதும் பெல்ட் நிற்கும். திரையில் பெரிய எழுத்தில், 'கேமராக் கண்ணாடியைத் துடைத்து உலர விடவும்' என்று வரும். பதினைந்து நிமிடம் கழித்துத்தான் மறுபடி கிளம்பும்.

கோழிப்பண்ணையில் தூசி உண்டு, அதில் பொய் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை துடைக்கும் அளவுக்கு உண்டா என்றால், அதை உண்டாக்க வேண்டும். பெல்ட் நிற்க இன்னும் சற்று நேரம் இருக்கும்போது தீவன மூட்டையில் விரலை விட்டு எடுத்துக்கொண்டு, முக்காலியில் ஏறி, கேமராக் கண்ணாடியின் ஓரத்தில் லேசாகத் தடவினேன். பண்ணைத் தூசிதான். என் விரலில் ஏறி வந்தது என்பதுதான் வித்தியாசம்.

திரும்பினால் பாவாயி அக்கா. முட்டையை அடுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். ஒரு காலி அட்டைக் கட்டைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, கண்காணிப்புக் கேமராவுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார், நான் முக்காலியை விட்டு இறங்கும்வரை. அவர் பக்கத்து முட்டைகளை எதிரில் நின்றவள் எட்டி எட்டி எடுத்து அடுக்கினாள்.

பெல்ட் நின்றது. அத்தப்பன் ஓடி வந்தார்.

"குணமாயிருச்சுன்னீங்களே அம்மிணி?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். கண்ணுலதான் தூசி." வெள்ளைக் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக் காட்டினேன். பழுப்பாக வந்தது. "இதோட ஓட்டினா கீறல் முட்டையெல்லாம் நல்ல முட்டைன்னு போயிடும். வியாபாரி திருப்பி அனுப்புவார்."

கைக்குட்டையை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார் அத்தப்பன். "மக்காச்சோளத் தூசி," என்றார். கோழி வளர்க்கிறவர், கண்டுபிடிக்காமல் இருப்பாரா. என் உயிர் என்னிடம் இல்லை. "இந்தத் தீவன ரூமுக்குக் கதவு போடோணும்னு எத்தன நாளாச் சொல்லீட்டிருக்கேன், ஒருத்தனும் கேக்கறதில்ல. சரி, தொடச்சுப் போட்டே ஓட்டலாமுங்க. கண்ணு முக்கியமல்லங்களா."

அவர் பின்னால் யாரோ, "மயக்கம் போயி இப்ப கண்ணு நோவுதா?" என்றார்கள். அடக்கிய சிரிப்பு ஷெட் முழுக்கப் பரவிப் பின்பக்கமாக ஓடியது.

ஜூலை 4, வியாழன்

முதலாளிக்கு விவரம் போய்விட்டது. கோபப்படுவார் என்று காத்திருந்தால், விளம்பரத் தாளில் 'கண்ணாடிப் பாதுகாப்பு வசதி' என்று தடித்த எழுத்தில் சேர்க்கச் சொல்கிறார். வேறு எந்த மெஷினிலும் இது கிடையாதாம். உண்மைதான்.

அதோடு அவர் விடவில்லை.

"மூணு பண்ணைக்குப் போவுதல்லங்க, எழுதுனவனே ஒருக்கா பாத்துரட்டும். ஞானதுரைக்குப் பூராத்தயும் அனுப்பி வெச்சுருங்க. எதாச்சும் வேண்டாதது இருந்தா எடுத்துரட்டும். நேரா எனக்கே எழுதச் சொல்லீட்டேன்."

வேண்டாதது என்று பார்த்தால் அந்த நிரலில் வேண்டாதது ஒரே ஒரு இடம்தான். ஞானதுரைக்கு அது கண்ணில் படாமல் போகாது. அவனுக்குத் தேவையில்லாத ஒரு இடைவெளி இருந்தாலே கை அரிக்கும். போன் செய்து கெஞ்சலாம். கெஞ்சினால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவன் சிரிப்பான், எனக்கு என்னவோ பாவாயி அக்காவை வைத்து அவன் சிரிப்பது பிடிக்காது.

அனுப்புவதற்கு முன், பதினைந்து நிமிடம் என்று இருக்கும் வரிக்கு மேல் ஒரு குறிப்பு எழுதினேன்.

'ஞானதுரை, இதைத் தொடாதே.'

ஜூலை 8, திங்கள்

ஞாயிறு முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், மணி பார்க்க. இன்று காலை முதலாளி என்னைக் கூப்பிட்டார். கணினியில் ஞானதுரையின் பதில் திறந்திருந்தது.

"நல்லாப் பண்ணிருக்கீங்கன்னு எழுதியிருக்கான். எல்லாம் சரியாமா. ஒரே ஒரு எடம் மட்டும் மாத்தியிருக்கானாம்."

என் இருக்கைக்கு வந்து திறந்து பார்த்தேன். வேறெதையும் தொடவில்லை. அந்த ஒரு வரியைத் தொட்டிருக்கிறான். பதினைந்து, இருபது ஆகியிருந்தது. என் குறிப்புக்குக் கீழே அவன் குறிப்பு: 'எழுதியதால்தான் தொட்டேன். ஆனால் தில்லை, கண்ணாடி உலர இவ்வளவு நேரம் ஆகாது. எதற்கு என்று ஒரு நாள் சொல்.'

ஜன்னல் பக்கம் போய் நின்று போன் செய்தேன். சொன்னேன். பெல்ட், தண்ணீர் பாட்டில், முருங்கைச் செடி, தீவன மூட்டை, எல்லாம். அவன் சிரிக்கவில்லை.

"நான் அங்க இருந்தப்ப நாலு பண்ணைக்கு மெஷின் போட்டேன். பெல்ட்டுல நின்ன ஒருத்தர்ட்டகூட இத நான் கேக்கல," என்றான். "நிக்காம ஓடுதுன்னு பெருமையா எழுதிக் குடுத்துட்டு வந்தேன்."

பிறகு, நான் கேட்காமலே, "அன்னைக்கு ஊருக்குக் கெளம்பும்போது நீ லீவு. பஸ் ஸ்டாண்டுல மூணு பஸ்ஸ விட்டுட்டு நின்னேன்," என்றான்.

"எனக்கு அதில் ஒன்றுமில்லை," என்றேன். எழுத்துத் தமிழில் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அதற்குத்தான் சிரித்தான்.

அந்த நாலு பண்ணைக்கும் புதுப் பதிப்பு அனுப்ப வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லப் போகிறானாம். கண்ணாடிப் பாதுகாப்பு வசதியோடு.

ஜூலை 12, வெள்ளி

அத்தப்பன் பண்ணையில் இருபது நிமிடப் பதிப்பைப் போட்டேன். ஐந்து நிமிடம் ஏன் கூடியது என்று கேட்டார். ஆடி பிறக்கப் போகிறது, காற்றுக்குத் தூசி ஜாஸ்தி என்றேன். ஒத்துக்கொண்டார். தீவன அறைக்குக் கதவு போட்டுவிட்டார், அதையும் காட்டினார். நல்ல கதவு. இனி விரலுக்குத் தூசியை வீட்டிலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

பெல்ட் நின்றபோது யாரும் ஓடவில்லை. நடந்து போனார்கள், பேசிக்கொண்டே. ஒருத்தி கண்ணாடியைத் துடைத்தாள், கையில் துணியோடு கண்காணிப்புக் கேமராவுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி நின்று, ரொம்பச் சிரத்தையாக. டீ சூடாக இருந்தது.

எனக்கும் நாற்காலி வேண்டாம் என்று தோன்றியதால் பாவாயி அக்காவோடு படியில் உட்கார்ந்தேன். "ஏங்கண்ணு, அந்த நாவர்கோவில்காரப் பையன் என்ன சொல்றான்?" என்றார். அவரிடம் நான் எப்போது சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. வர ஞாயிறு வருகிறான் என்றேன், வேலை விஷயமாக. "ஆமா ஆமா, வேல விசியமாத்தான்," என்று கனகாம்பரத்தை எடுத்தார். இந்தத் தடவை நானே பின்னலைத் திருப்பிக் காட்டினேன்.

பச்சைப் பாட்டிலைத் திறந்து பாதி குடித்தார். மீதியைச் செடிக்கு ஊற்றுவார் என்று பார்த்தேன். அதையும் குடித்தார். பிறகு கூடைக்குள் கையை விட்டு இன்னொரு பாட்டிலை எடுத்தார், புதுசு, நீல நிறம்.

"அது எதுக்குக்கா?"

"இது அடுத்த தடவைக்கு," என்றார் பாவாயி அக்கா.